இடமும் சாட்சி சொல்லும்

போலந்தின் ஆஷ்விட்ஸ் நினைவிடத்துக்கு 2024-இல் 18 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தனர். தண்டவாளத்தில் நின்று செல்ஃபி எடுப்பவர்களைக் காட்டி, ‘இது சுற்றுலாத் தலமாகிவிட்டது, புத்தகமும் திரைப்படமும் போதாதா?’ என்று கேட்கிறார்கள். எரிச்சல் நியாயமானதே. ஆனால் நாஜிகள் எதை மறைக்கத் துடித்தார்கள் என்று பார்க்க வேண்டும். சுமார் 11 லட்சம் பேரைக் கொன்ற அந்த முகாமில், 1945 ஜனவரி 27-இல் சோவியத் படை நுழையுமுன் விஷவாயு அறைகளோடு கூடிய எரியூட்டுக் கூடங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மற்றொரு கொலை முகாமான ட்ரெப்ளிங்காவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: புதைத்த உடல்களைத் தோண்டி எரித்து, 1943-இல் முகாமையே பிரித்து, நிலத்தை உழுது, பண்ணை வீடும் கட்டினார்கள். இடமே சாட்சியாகும் என்பதைக் கொன்றவர்களே நன்கு அறிந்திருந்தார்கள். அவர்கள் கணக்குத் தப்பவில்லை. யூத இனப்படுகொலையை மறுத்த டேவிட் இர்விங், லண்டனில் தானே தொடுத்த அவதூறு வழக்கில் 2000-இல் தோற்றபோது, ஆஷ்விட்ஸ் இடிபாடுகளும் கட்டட வரைபடங்களும் சான்றுகளாக நின்றன.

செல்ஃபிக்கு மருந்து, பயணத்துக்கு முன் வகுப்பறையில் நடக்க வேண்டிய தயாரிப்பு; வாயிலைச் சாத்துவதல்ல. ஆஷ்விட்ஸோடு திரும்பிவிடும் பள்ளிக் குழுக்களை, பார்க்க ஒரு கட்டடமும் மிஞ்சாத ட்ரெப்ளிங்காவுக்கும் அழைத்துச் செல்லலாம். அங்கே 1964-இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில் இருப்பவை சுமார் 17,000 கற்கள். சிலவற்றில் யூதர்கள் வாழ்ந்த ஊர்களின் பெயர்கள்.