அடுப்பு மட்டுமா முக்கியம்? கல்லும்தான்!

ஹவாய் தீவுகள் எப்படி வந்தன? பல புத்தகங்களில் ஒரே படம்தான். கீழே மெழுகுவர்த்தி, மேலே மெல்ல நகரும் காகிதம், அதில் வரிசையாகக் கருகல். மெழுகுவர்த்திதான் ஹாட்ஸ்பாட், காகிதம் பூமியின் தட்டு. 1963-ல் கனடாவின் டியூஸோ வில்சன் சொன்ன யோசனை இது. அமெரிக்க ஆய்விதழ் ஒன்று வேண்டாமென்று திருப்பி அனுப்ப, கனடா இதழ் ஒன்றில் வெளியானது. இன்று அதுவே பாடம்.

படம் தப்பில்லை. ஆனால் பாதிதான். பற்றுப் பக்கம் மட்டும் எழுதி, வரவுப் பக்கத்தைக் காலியாக விட்ட பேரேடு மாதிரி! எல்லோரும் நெருப்பைப் பற்றியே பேசுகிறார்கள். மேலே இருக்கும் காகிதத்தை யாரும் கண்டுகொள்வதில்லை.

அது காகிதமே இல்லை என்பதுதான் விஷயம். ஹவாய்க்கு அடியில் இருக்கும் கடல்தரைக்கு வயது சுமார் 9 கோடி ஆண்டு. அதன் மேலோடு ஆறேழு கி.மீ. தடிமன்தான். ஆனால் அதன் அடியில் குளிர்ந்து இறுகிய மேண்டில் பாறையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்த லித்தோஸ்பியர் சுமார் 100 கி.மீ. இருக்கும். கீழிருந்து ஏறும் சூடான பாறை, அழுத்தம் குறையக் குறைய உருகும். இந்தக் கனத்த மூடி அதை ஆழத்திலேயே தடுத்துவிடுகிறது. உருகிய குழம்பு மட்டும் வழி தேடி மேலே வருகிறது.

மூடியும் சும்மா இருப்பதில்லை. மௌனா கியா மலை கடல்மட்டத்துக்கு மேல் 4,207 மீட்டர். அடிவாரத்திலிருந்து அளந்தால் 10 கி.மீ.க்கு மேல். இந்தப் பாரத்தில் தட்டே பல கி.மீ. வளைந்து, தீவுகளைச் சுற்றிக் கடலடியில் அகழி விழுந்திருக்கிறது.

இப்போது ஐஸ்லாந்தைப் பாருங்கள். அங்கே இரண்டு தட்டுகள் விலகும் இடத்திலேயே ஹாட்ஸ்பாட். மூடி மிக மெல்லிசு. சூடான பாறை வெகு மேலே வரை ஏறி, நிறைய உருகுகிறது. விளைவு, 20 முதல் 40 கி.மீ. தடிமனில் மேலோடு! 1980-கள் வரை பலர் அதை 10-15 கி.மீ. என்றும், அதற்குக் கீழே பாதி உருகிய பாறை என்றும் நினைத்தார்கள். 1990-களில் நடந்த நில அதிர்வு ஆய்வுகளில், திரவத்தில் போகவே முடியாத எஸ் அலைகள் அங்கே நன்றாகவே கடந்து போயின. கணக்கு மாறியது.

நெருப்பு எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. 2015-ல் பிரெஞ்ச், ரோமனோவிச் இருவரும் மேண்டிலின் அடிமட்டத்திலிருந்து எழும் அகலமான தூண்களைப் படமாக்கினார்கள். ஐஸ்லாந்துக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை, தட்டு விலகுவதே போதும் என்கிறார் கில்லியன் ஃபௌல்ஜர்.

சண்டை நடக்கட்டும். ஆனால் 2018-ல் கிலாவேயாவின் குழம்பு நிலத்தடியிலேயே கிழக்கே போய், உச்சியிலிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளி, குடியிருப்புக்குள் வெடித்து வந்தது. 700-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் அழிந்தன. 2023 நவம்பரில் ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் ஊரை, சுமார் 3,800 பேர், ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்தார்கள். எந்தத் தெரு பிளக்கும் என்பதைத் தீர்மானித்தது மேலே உள்ள சில கி.மீ. பாறைதான்.

அடுப்பின் ஆழம் தெரியாமலும் பிழைத்துவிடலாம். கல் எங்கே விரியும் என்று தெரிந்தே ஆகவேண்டும். அடுத்த பதிப்பிலாவது அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் தடிமனாக வரையுங்கள் சார்!