நெற்றி புடைத்தால் பத்துப் போட்டுச் சும்மா இருக்காதீர்கள்



தலைவலி என்று வருகிறவர்கள் பலரும் சொல்வது, “நீர் கோத்துக்கிச்சு ஐயா, ரெண்டு மாத்திரை குடுங்க” என்பதுதான். நானும் கொடுத்து அனுப்புகிறவன்தான். சளிக்கு அது சரி. ஆனால் நெற்றி எலும்பே வரவரப் புடைத்து வந்தால் அது நீர்க்கோவை அல்ல.

நெற்றி, கன்னம், கண்ணுக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் எலும்புக்குள்ளே காற்று அறைகள் உண்டு. இவற்றைத்தான் சைனஸ் என்கிறோம். அபூர்வமாகச் சிலருக்கு இந்த அறை பெருத்து எலும்பை வெளியே தள்ளும். உள்ளே சீழ் இல்லை, சளி இல்லை, வெறும் காற்றுதான். 1918-ல் பெஞ்சமின்ஸ் என்ற டாக்டர் இதற்கு ‘நியூமோசைனஸ் டைலட்டன்ஸ்’ என்று பெயர் வைத்தார். நெற்றி அறையில்தான் அதிகம் வரும். பெரும்பாலும் இளவயது ஆண்களுக்கு. காரணம் இன்னும் முடிவாகவில்லை. அறையின் வாசல் சைக்கிள் டியூப் வால்வு மாதிரி காற்றை உள்ளே விட்டு வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளலாம் என்பது ஒரு கருத்து.

வலி இல்லாவிட்டால், “அப்பன் நெத்தி மகனுக்கு” என்று விட்டுவிடுகிறோம். அதுதான் தப்பு. கண்ணுக்குப் பின்னால் உள்ள அறை பெருத்தால் பார்வை நரம்பு நசுங்கிக் கண் மங்கலாம். சிலருக்குப் பக்கத்தில் மூளை உறையில் கட்டியும் இருக்கும். பழைய கல்யாணப் படத்தை எடுத்து இன்றைய முகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நெற்றி மாறியிருந்தால், கண் மங்கினால், காத்திருக்காதீர்கள். ஜாசினோ அலோர் காஜாவோ, கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு மலாக்கா பெரியாஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும். தொந்தரவு இல்லையென்றால் கவனித்து வருவார்கள். இருந்தால் மூக்கு வழியாகக் கருவி விட்டு அறையின் வாசலைத் திறப்பார்கள். தேவைப்பட்டால் துருத்திய எலும்பையும் சீராக்குவார்கள். பத்துக்கும் மாத்திரைக்கும் எலும்பு அடங்காது.

“ஒரு நாள் சம்பளம் போயிடுமே” என்பீர்கள். போகாது! 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. வேலை 2 ஆண்டுக்குக் குறைவென்றால் வருஷத்துக்கு 14 நாள்; 5 ஆண்டுக்குள் 18; அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை. எம்.சி. வாங்குங்கள்; 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள்.

இது சலுகை அல்ல, உரிமை. கண் போன பிறகு எந்தச் சட்டமும் அதைத் திருப்பித் தராது.

— தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்