கோடையில் மீன் குஞ்சு: பழி யார் மீது?

வாங்கி வந்த கெண்டைக் குஞ்சுகள் செத்து மிதந்தால், பாகூர், வில்லியனூர் கொம்யூன் விவசாயிகள் விற்றவரையே ஏசுகின்றனர். கோடையில் பெரும்பாலும் குற்றம் நம்முடையதே. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏறினால் மீனுக்கோ அதிக மூச்சு தேவை. வண்டிச் செலவு மிச்சமென்று ஒரே டிரம்மில் திணித்தால் என்ன ஆகும்? பாதியளவே ஏற்றுங்கள். முதல் நாளே தீனியை நிறுத்தச் சொல்லி, விடியுமுன் புறப்பட்டு, டிரம்மில் ஈரச் சாக்குச் சுற்றிக் கொண்டுவரவும். வழியில் போர் தண்ணீரை அப்படியே ஊற்றுவது வீண். அதில் பிராணவாயு மிகக் குறைவு. உயரத்திலிருந்து சிதறவிட்டு ஊற்றவும். பாசி படர்ந்து பச்சையேறிய குட்டையில் விடியற்காலையில்தான் மூச்சுத் திணறல் அதிகம். வெயில் சற்று ஏறியபின், குட்டை நீரைச் சிறிது சிறிதாக டிரம்மில் கலந்து, அரை மணி கழித்தே குஞ்சுகளை விடவும்.