பேசி நம் கையில்; திறவுகோல் எவர் கையில்?

விலை கொடுத்து வாங்கிய வீட்டின் திறவுகோலை விற்றவனே வைத்துக்கொண்டு, வேண்டியபோது திறந்தும் வேண்டாதபோது பூட்டியும் வருவானாயின், அவ்வீட்டை நம் வீடென்று நெஞ்சறிந்து கூற இயலுமா? இன்று உலக மக்கள் கைகளில் திகழும் திறன்பேசியின் நிலை இதுவே. இதனை வெறுங் கருவிச் சிக்கலென்று ஒதுக்குவார், உரிமை எவ்வழியாகப் பறிபோகின்றது என்பதை அறியாதாரே.

ஆண்டிராய்டு என்னும் இயங்குதளத்தின் அடிப்படை, யாவரும் எடுத்தாளத்தக்க திறந்த நிரல். ஆயின், செயலிகளை வழங்கும் கடையும், அச்செயலிகளுக்கு இடங்காட்டி, செய்தி வந்தமை உணர்த்தி, கணக்கினுள் புகவிடும் பின்னணிப் பணிகளும் கூகுள் நிறுவனத்தின் தனியுடைமை. அதன் உரிமம் பெற்ற கருவியில்தான் அவை இடம்பெறும். உடல் பொதுவுடைமை, உயிரோ தனியுடைமை! இவ்வுரிமத்தைக் காட்டிக் கருவி செய்வோரைக் கட்டுப்படுத்தியமைக்காகவே ஐரோப்பிய ஆணையம் 2018-இல் அந்நிறுவனத்தின்மேல் 434 கோடி யூரோ ஒறுப்புத்தொகை விதித்தது. 2022-இல் ஐரோப்பிய முறைமன்றம் அத்தொகையைச் சற்றே குறைத்து, தீர்ப்பின் பெரும்பகுதியை உறுதிசெய்தது.

அவ்வுயிர் பறிக்கப்பட்டால் என்னாகும் என்பதற்குச் சீனத்து வாவே நிறுவனமே சான்று. 2019 மே திங்களில் அமெரிக்க அரசு அதனைத் தன் வணிகத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அவ்வாண்டு செபுதம்பரில் செருமனியின் மியூனிக் நகரில் வெளியிடப்பெற்ற அதன் ‘மேட் 30’ திறன்பேசி, கூகுள் கடையும் பணிகளும் இன்றியே வந்தது. கருவியின் ஆக்கத்தில் குறையொன்றும் இல்லை. சீனத்தினுள் கூகுள் கடை முன்பே இல்லையாகலின் அங்குள்ளார்க்கு இழப்பில்லை. வெளிநாடுகளில் வாங்கியோரோ, தாம் நாளும் பயன்படுத்திய செயலிகளைத் தேடி அலைந்தனர்.

அலைந்தோர் குறுக்குவழி ஒன்று கண்டனர். சிறு செயலி ஒன்றை நிறுவியதும் கூகுள் பணிகள் யாவும் ஓடின. அச்செயலி, கருவியினுள் மறைந்திருந்த ஆழ்ந்த இசைவுகளைக் கொண்டு இயங்குவதாக ஆய்வாளர் ஒருவர் அக்தோபரில் வெளிப்படுத்தினார். அடுத்தே அச்செயலியின் இணையத்தளம் மறைந்தது. கூகுளின் சரிபார்ப்பிலும் அக்கருவிகள் தவறின. புறக்கடை வழியே நுழைந்தவன் வீட்டுக்கு உரியவன் ஆகான் அல்லனோ?

நிலைத்த வழிகள் இரண்டே. ஒன்று, தன் வழி. வாவே தன் செயலிக் கடையை விரித்தது. ஆர்மனி என்னும் இயங்குதளத்தை அமைத்தது. 2024-இல், ஆண்டிராய்டுச் செயலிகளை அறவே ஏற்காத பதிப்பையும் வெளியிட்டது. அம்முயற்சியை வியக்கின்றோம். ஆயினும், பிறன் பூட்டை அகற்றித் தன் பூட்டை மாட்டிய செயலே அது. திறவுகோல் மீண்டும் ஒரு நிறுவனத்தின் கையிலேதான். மற்றொன்று, பொது வழி. கூகுள் பணிகளுக்கு மாற்றாக ‘மைக்ரோ சீ’ என்னும் திறந்த நிரலையும், 2010 முதல் ‘எப்-டிராய்டு’ என்னும் கட்டற்ற மென்பொருட் களஞ்சியத்தையும் ஆர்வலர் ஆக்கியளித்துள்ளனர். கூகுள் சான்று பெறாத கருவியில் வைப்பகச் செயலிகள் சில இயங்க மறுக்கும் குறை இவ்வழியில் உண்டு. எனினும், இங்குத் திறவுகோல் எவர் ஒருவர் கையிலும் இல்லை.

இனி, பக்கவாயிலுக்கும் காவல் வருகின்றது. கடைக்கு வெளியிலிருந்து நிறுவும் செயலியாயினும், அதனை ஆக்கியவர் தம் அடையாளத்தைத் தன்னிடம் பதிந்திருத்தல் வேண்டுமென்று 2025-இல் கூகுள் அறிவித்தது. 2026 செபுதம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் இது தொடங்குமென்றும் அவ்வறிவிப்புக் கூறிற்று. எதிர்ப்பு எழுந்த பின், பட்டறிவுடைய பயனர்க்கு ஒரு விலக்கு அளிப்பதாகவும் உரைத்தது. பொய்யரைத் தடுக்கவே இக்காவல் என்பர். பொய்யரைத் தடுத்தல் வேண்டுவதே. அதற்காக ஊரார் வாயில்களையெல்லாம் ஒருவனே காப்பதா? சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. அங்கொரு தமிழிளைஞன் தான் ஆக்கிய தமிழ் அகரமுதலியைத் தன் தோழர்க்கு அளிக்கவும், அமெரிக்க நிறுவனமொன்றின் ஏட்டில் பெயர் பதிந்து நிற்றல் வேண்டுமா?

அயற்சொல்லை இரவல் வாங்கியவன் தன் சொல்லை இழந்த வரலாற்றை அறிந்தவர் நாம். இரவற் கருவியின் முடிவும் அஃதே. ஆதலின், தமிழ்த் தட்டச்சும் அகரமுதலியும் நூற்செயலியும் ஆக்கும் அன்பர்க்கு எம் வேண்டுகோள் இது: உங்கள் ஆக்கத்தை ஒரே கடையில் மட்டும் வையாதீர். நிறுவற் கோப்பை உங்கள் தளத்திலும் இடுக. இயலுமாயின் நிரலையும் திறந்து பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க. படிப்போரும் அங்கிருந்து பெற்றுப் பழகுக. ஒரு கதவு அடைபடினும் தமிழ் மறு கதவின் வழி நடமாடட்டும்!