பதினாறு ஆயிற்று, பதினெட்டு ஆகவில்லை

பதினாறு வயது நிறைந்த ஒருவரைக் கடையிலே வேலைக்கு வைத்துக்கொள்வதை இந்நாட்டுச் சட்டம் தடுக்கவில்லை. ஆயினும், சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்த மாணவன் ஒருவன் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வெள்ளவத்தையிலோ நல்ல பெயருள்ள ஒரு கடையின் படியேறி வேலை கேட்பானாயின், "பதினெட்டு ஆனபிறகு வா, தம்பி" என்பதே பெரும்பாலும் அவனுக்குக் கிடைக்கும் மறுமொழி. சட்டம் திறந்துவைத்த கதவை வணிகர் சாத்துவது ஏன்? அவர்களைக் கன்னெஞ்சர் என்று ஏசிவிட்டுப் போவது எளிது. நாம் அதற்கு உடன்படோம்.

சட்டத்தை முதலில் பார்ப்போம். 2016 இல் கட்டாயக் கல்வியின் எல்லை 14 வயதிலிருந்து 16 ஆக உயர்ந்தது. வேலைக்கமர்த்தும் ஆகக் குறைந்த வயதும் 2021 இல் 14 இலிருந்து 16 ஆயிற்று. பள்ளியிலிருக்க வேண்டிய பிள்ளை பள்ளியிலேயே இருக்கட்டும் என்னும் இவ்வேற்பாட்டை நாம் முழுமனதோடு வரவேற்கின்றோம். ஆனால், ஆபத்தான தொழில்களென வர்த்தமானியிற் பட்டியலிடப்பட்டவற்றுக்கு எல்லை 18. கடைக்காரர் அறிந்தது இவ்விரண்டாவது எண்ணையே. எது ஆபத்தான தொழில், எது அன்று எனப் பிரித்தறிய அவருக்கு நேரமுமில்லை, சொல்லிக்கொடுப்பாருமில்லை. தொழில் திணைக்கள உத்தியோகத்தர் வாயிலில் வந்து நிற்பாரே என்னும் அச்சம் மாத்திரம் உண்டு. ஆகவே, "பதினெட்டுக்குக் கீழே எவரும் வேண்டாம்" என்று ஒரே கோடாகக் கிழித்துவிடுகிறார்.

அடுத்தது நேரம். முட்டுக்கட்டைகளுள் தலையாயது இதுவே என்பது எமது எண்ணம். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என வேலை நேரத்தை வரையறுத்தது. பதினெட்டு நிறையாதோரை இரவிலே வேலை வாங்குவதற்கும் அது தடை விதித்தது. தொழிலாளர் பெற்ற பேறுகளுள் அச்சட்டம் ஒன்று. அதில் ஒரு வரியைத்தானும் தளர்த்துமாறு நாம் கேட்கவில்லை. ஆனால், நடைமுறையை நோக்குங்கள். பள்ளி விடுவது பிற்பகல் ஒன்றரை மணிக்கு. வீடு சென்று உண்டு, தனியார் வகுப்பும் முடித்து, மாணவன் கைவீசி நிற்கும் வேளை மாலை. கடையிலே சனம் நெருக்கும் வேளையும் அதுவே. தீபாவளிக்கும் நத்தாருக்கும் முந்திய வாரங்களிற் கேட்கவே வேண்டாம். வேலையாள் மிகத் தேவைப்படும் வேளையில் இளைஞனைச் சட்டம் வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறது; அவன் வேலை செய்யக்கூடிய காலைப்பொழுதிற் பள்ளி அவனை அழைக்கிறது. மூன்று மணிநேரம், நான்கு மணிநேரம் எனப் பகுதிநேரத்துக்கு ஆள் வைப்பதற்கான ஒழுங்கும் எமது கடைகளில் வேரூன்றவில்லை. முழுநாட் சிப்பந்தியை மனத்திற்கொண்டே சட்டமும் எழுதப்பட்டது, வணிகரும் பழகிவிட்டனர்.

கல்லாப்பெட்டியின் கதை வேறு. இந்நாட்டிற் பராய வயது 1989 ஆம் ஆண்டிலே 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. அதற்குட்பட்ட ஒருவர் பாதுகாவலரின் துணையின்றிச் செய்யும் ஒப்பந்தம் பொதுவாக அவரைக் கட்டுப்படுத்தாது என்பது உரோம-டச்சுச் சட்டத்தின் நிலைப்பாடு. பணம் குறைந்தால் யாரிடம் கேட்பது என்று முதலாளி தயங்குகிறார். குறைந்த பணத்தைத் தாம் நினைத்தபடி சம்பளத்தில் வெட்டிக்கொள்ளும் உரிமை, நாற்பது வயதுச் சிப்பந்தி விடயத்திலும் அவருக்கு இல்லை என்பதை எடுத்துச் சொன்னால் அவர் முகம் சுருங்குவதுண்டு!

சம்பளத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. இதே தொகைக்கு உயர்தரம் முடித்த இருபது வயதினர் வரிசையில் நிற்கையில், முதலாளி எவரைத் தெரிவார்?

இனி, எம்மை உறுத்தும் விடயத்துக்கு வருவோம். நேர்மையான கடை கதவைச் சாத்துவதனால் அப்பிள்ளையின் தேவை தீர்ந்துவிடுவதில்லை. தகப்பன் நோயிற் படுத்த வீடு, தங்கையின் படிப்பு, அடைவு வைத்த நகை, இவை பதினெட்டாம் பிறந்தநாள்வரை காத்திரா. கதவு சாத்தப்பட்டவன் பின்வாசலைத் தேடுகிறான். மலையகத் தோட்டங்களிலிருந்து தரகர் கைவழியே கொழும்புக் கடைகளுக்கு வந்துசேரும் பையன்களைப் பாருங்கள். நியமனக் கடிதம் இல்லை. கடைக்குப் பின்னாலே படுக்கை, நேரக்கணக்கற்ற வேலை, கையிற் கிடைப்பதே சம்பளம். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்தவேண்டிய நூற்றுக்கு 12 பங்கும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குரிய 3 பங்கும் அவன் பெயரில் ஏறுவதே இல்லை. கடிதம் இல்லாமையால் அவன் உரிமை அழிந்துவிடவில்லை, அழிவது சான்று. சான்றில்லா உரிமையோடு தொழில் நியாயசபையின் படியேறுவோர் படும் பாட்டை, அத்துறையிற் பழகிய நாம் நன்கறிவோம். பதினெட்டுக்குட்பட்டோர் எவரும் தம்மிடம் இல்லை என்று பெருமை பேசும் பெருங்கடைகளும், அவர்களை மறைத்து வைத்திருக்கும் சிறுகடைகளும் ஒரே வீதியிலேயே இருக்கின்றன.

"அப்படியாயின் கட்டுப்பாடுகளை நீக்கிவிடலாமே" என்பாரும் உளர். கூடாது. நீக்கினால் முன்வாசலும் பின்வாசலாகிவிடும். வேண்டுவது பிறிதொன்று. பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரையுள்ள காலத்துக்கும், பள்ளி விடுமுறைகளுக்கும், சனி ஞாயிறு பகல்களுக்கும் உரிய பகுதிநேர வேலையைச் சட்டம் பெயர் சொல்லி ஏற்கட்டும். மணித்தியாலச் சம்பளம் முழுநாட் சம்பளத்தின் வீதத்துக்குக் குறையாதிருக்கட்டும். பெற்றோரும் முதலாளியும் கைச்சாத்திடும் ஒரு பக்கப் படிவம் போதும்: வேலை யாது, தொடங்கும் நேரம், முடியும் நேரம், சம்பளம், பணக் குறைவுக்குப் பிள்ளை பொறுப்பல்லன் என்னும் வாசகம். அதன் பிரதியொன்று தொழில் அலுவலகத்தில் இருந்தால் முதலாளியின் அச்சமும் பாதி தீரும்.

சட்டத் திருத்தத்துக்குக் காலம் செல்லும். ஆனால், பதினாறு வயதினர் செய்யத்தக்க கடைவேலைகள் எவை, செய்யத்தகாதவை எவை என்பதை ஒரு தாளில் தமிழில் அச்சிட்டு, வணிகர் சங்கங்கள் வழியாகக் கடைதோறும் கொடுப்பதற்குப் பாராளுமன்றம் கூடவேண்டியதில்லை. அடுத்த சாதாரண தரப் பரீட்சை முடியுமுன்னரே தொழில் திணைக்களம் இதனைச் செய்யலாம். எமது கிளைகளும் தத்தம் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கு இவ்வாரமே எழுதிக் கேட்கட்டும்.