பெயரும் குத்தகைதான்

இணையத்தில் எவனுக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ‘எங்க பெயர்’, ‘எங்க தளம்’ என்று சொல்லிக்கொள்கிறோமே, எல்லாம் குத்தகை. டொமைன் பெயரை ஒரு வருசத்துக்கோ, மிஞ்சிப்போனால் 10 வருசத்துக்கோ பணம் கட்டி வைத்துக்கொள்ளலாம். தவணை தவறினால் போச்சு. இதை வெறும் நிர்வாக விசயமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெயர் யார் கையில் நிற்கிறது, யார் கையிலிருந்து நழுவுகிறது என்பது அதிகாரம் சம்பந்தப்பட்ட கேள்வி.

‘காசு கட்டலைன்னா போகத்தானே செய்யும், இதுல என்ன அரசியல்?’ என்கிறார்கள். சரி, பார்ப்போம். 1999 டிசம்பரில், கிறிஸ்துமஸ் சமயத்தில், பாஸ்போர்ட்.காம் என்ற பெயருக்குப் பணம் கட்ட மைக்ரோசாப்ட் மறந்தது. ஹாட்மெயில்காரர்கள் பலரால் உள்ளே நுழைய முடியவில்லை. மைக்கேல் சேனி என்ற நிரலாளர் தன் கைக்காசு 35 டாலரைக் கட்டிக் காப்பாற்றிக் கொடுத்தார். 2003இல் அதே கம்பெனி ஹாட்மெயில்.கோ.யூகே பெயரையும் கோட்டை விட்டது. அதுவும் திரும்பி வந்தது. 2015இல் சன்மய் வேத் என்பவர் 12 டாலருக்கு கூகுள்.காமையே வாங்கினார். ஒரே நிமிசம்தான், விற்பனை ரத்து. ஏன்னா விற்ற கடையும் கூகுளுடையது. பெரியவன் அசந்தால் ஊரே ஓடிவந்து எழுப்புகிறது. சின்னவன் அசந்தால்?

.காம், .ஆர்க் பெயர்கள் காலாவதியானதும் உடனே செத்துப்போவதில்லை. பதிவு செய்துகொடுத்த கம்பெனி 45 நாள் வரை வைத்திருக்கலாம். அந்த அவகாசத்திலேயே ஏலம் போட்டுவிடுவதும் நடக்கிறது. நீக்கிவிட்டால் அதற்குப்பின் 30 நாள் மீட்புக் காலம். அப்போது பழைய ஆள் மீட்கலாம், ஆனால் வழக்கமான கட்டணத்தைவிடப் பல மடங்கு கேட்பார்கள், அடகுக்கடைக்காரன் மாதிரி. அதுவும் கழிந்தால் 5 நாள் முடக்கம். பிறகு முந்துகிறவனுக்கு. முந்துவது மனுசன் இல்லை. நூற்றுக்கணக்கான பதிவு உரிமங்களைக் குவித்து வைத்திருக்கும் கம்பெனிகளின் நிரல்கள், பெயர் விழும் நொடியிலேயே கவ்விவிடும்.

எதற்காகக் கவ்வுகிறார்கள்? வருசக்கணக்காக மற்றவர்கள் கொடுத்த இணைப்புகள், வாசகர்களின் நம்பிக்கை எல்லாம் பெயரோடு சேர்ந்து வருகிறது. உழைப்பு ஒருத்தனுடையது, விளைச்சல் இன்னொருத்தனுக்கு. எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் வாசிப்பு வட்டத்தின் பெயர் இப்படித்தான் போனது. பதிவு செய்தவர் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். நினைவூட்டல்கள் அவர் திறந்தே பார்க்காத பழைய மின்னஞ்சலுக்குப் போயின. துண்டறிக்கையில் அச்சான அந்த முகவரியில் இன்று சூதாட்ட விளம்பரம். இதைவிட மோசம் ஒன்று உண்டு. அந்தப் பெயரில் இயங்கிய மின்னஞ்சல்களுக்கு வரும் கடிதங்களைப் புதியவன் வாங்கிப் படிக்கலாம், கடவுச்சொல்லை மாற்றி மற்ற கணக்குகளுக்குள்ளும் நுழையலாம். போராட்டக்காரர்களுக்கு இது பெயர் மட்டும் போகிற விசயமில்லை. தோழர்களின் பாதுகாப்பும் சேர்ந்து போகிறது.

சட்டம் காப்பாற்றுமா? பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகான் 1999இல் ஒரு தகராறு விதியைக் கொண்டுவந்தது. அது வணிகச்சின்ன உரிமை உள்ளவனுக்கானது. உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் ஒற்றை நடுவர் விசாரணைக்கே 1,500 டாலர் கட்டணும். துண்டறிக்கைக்கே உண்டியல் குலுக்குகிறவர்கள் எங்கே போவார்கள்?

மீட்புக் கட்டணத்துக்கு வரம்பு வேண்டும், லாபநோக்கற்ற அமைப்புகளின் பெயர்களை ஏலம் போடுமுன் கூடுதல் அவகாசம் வேண்டும் என்று நாம் கேட்கணும். கேட்பது மட்டும் போதாது. பெயரைத் தனிமனுசர் பெயரில் விடாதீர்கள், அமைப்பின் பெயரில் பதியுங்கள். தொடர்பு மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. இருந்தால், பெயர் போகும்போது அதுவும் சேர்ந்து போகும். மூன்று பேர் கையிலாவது சாவி இருக்கட்டும். முடிந்தால் பல வருசத்துக்குச் சேர்த்துக் கட்டுங்கள். காலாவதித் தேதியை வரவு செலவு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, வருசா வருசம் பொதுக்குழுவில் உரக்க வாசியுங்கள். விசைப்பலகை தெரிந்த ஒரே ஒரு தம்பியின் தலையில் இந்தச் சுமையைக் கட்டிவிட்டு, பெயர் போன பிறகு அவனைத் திட்டுவது நியாயமில்லை.