ஆறு துண்டு கறிக்கு இவ்வளவு செலவா?

ஒரு பெட்டி கறிக்காக ராத்திரி முழுக்கக் கண் விழிக்கிறவங்களைப் பற்றி இன்னைக்கு எழுதலாம்னு தோணுச்சு.

அமெரிக்காவில் பார்பெக்யூ போட்டி தனி உலகம். 1985-இல் ஆரம்பித்த கேன்சஸ் சிட்டி பார்பெக்யூ சொசைட்டியின் விதிப்படி நாலு வகைக் கறி: கோழி, பன்றி விலா, பன்றித் தோள், அப்புறம் மாட்டின் மார்புக்கறியான பிரிஸ்கெட். கேஸ் அடுப்பில் சமைக்கக் கூடாது. சமைத்தவர் யாருன்னு தெரியாமலே ஆறு நடுவர்கள் தோற்றம், சுவை, மென்மை மூன்றுக்கும் 2 முதல் 9 வரை மார்க் போடுவாங்க. ஆறு பேரில் குறைந்த மார்க் போட்டவருடையதைக் கணக்கில் சேர்க்க மாட்டாங்க. (நம்ம செமஸ்டருக்கும் இப்படி இருந்தா எப்படி இருக்கும்!) நாலுக்கும் சேர்த்து முழு மார்க் 720.

சரி, செலவுக்கு வருவோம். நுழைவுக் கட்டணமே சில நூறு டாலர். அப்புறம் கறி, விறகு, மசாலா, பெட்ரோல். ஸ்மோக்கர், டிரெய்லர் எல்லாம் ஆயிரக்கணக்கில். மார்க்குக்காக வாக்யூ மாட்டுக்கறி வாங்கினால் பில் இன்னும் எகிறும். இவ்வளவும் செய்து பெட்டியில் வைக்க ஆறு துண்டு போதும்! பரிசோ முன்னால் வருகிற சிலருக்கு மட்டும். பெரும்பாலானவர்களுக்குக் கைநஷ்டம்தான்.

அப்புறம் ஏன் போறாங்க? அந்த ராத்திரிக்காகத்தான். பிரிஸ்கெட் சுமார் 110 டிகிரி செல்சியஸில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேகணும். நடுவில் 70 டிகிரி பக்கம் கறியின் சூடு ஏறாமல் அப்படியே நிற்கும். ஈரம் ஆவியாகி கறியைக் குளிர வைப்பதுதான் காரணம். அப்போ காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. குடும்பமும் நண்பர்களும் நாற்காலி போட்டுத் தீயைச் சுற்றி உட்கார்ந்து பேசுவாங்க. இப்படி ஒரு ராத்திரி நமக்குக் கடைசியா எப்போ வாய்ச்சது?

ஆனா ஒரு கவலை இருக்கு. செலவு ஏற ஏற, காசு உள்ளவன் மட்டும் ஆடுற ஆட்டமா இது மாறிடும். மார்க்கில் பாதிக்கு மேல் சுவைக்குத்தான். சுவைக்குக் கைப்பக்குவம் போதும்னு நிரூபிக்க, கையில் காசு இல்லாதவனுக்கும் இடம் வேணும். குறைந்த கட்டணத்தில், ஒன்றிரண்டு வகைக் கறியோடு நடக்கிற 'பேக்யார்ட்' பிரிவுகள் இன்னும் நிறைய வரணும்.

என்னைக் கேட்டால், பரிசை நம்பிக் கடன் வாங்கிப் போறது முட்டாள்தனம். சுற்றுலாச் செலவுன்னு நினைச்சுப் போனா, தோத்தாலும் மிச்சக் கறி நமக்குத்தானே :)